அரும்பிலேயே நிற்கும் பிள்ளைகள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு தந்தையின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம்.

நான் தென்மாவட்டத்து அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துபவன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இதுதான் வேலை. நோட்டுப் புத்தக அட்டை, தினசரி நாட்காட்டி, பள்ளி வழிகாட்டி நூல்கள், கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ் என எது அச்சுக்குப் போனாலும் என் மேசையைக் கடந்துதான் போகும். ‘கௌரி’ என்று வரவேண்டிய இடத்தில் தட்டச்சு செய்தவர் கொம்பு, க, ள என்று மூன்றையும் தனித்தனியே அடித்திருந்தால், அந்த ளகரத்தின் அகலத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். எழுத்தோடு இவ்வளவு பழகியும், என் மகனின் நோட்டில் நான்கு ஆண்டுகள் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேனே தவிர, அந்தப் பிழைகள் எதைச் சொல்கின்றன என்று ஒரு நாளும் நிதானித்துப் பார்க்கவில்லை.

அவன் இப்போது ஆறாம் வகுப்பு. போன ஆண்டு, ஐந்தாம் வகுப்பு முடியும் தறுவாயில், அவனுக்கு இருப்பது டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு என்று ஓர் உளவியலாளர் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு தாள் எங்கள் கைக்கு வர ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆயின. ஆனால் அதில் எழுதியிருந்த செய்தி, அவன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோதே பள்ளியின் பதிவில் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அவன் 2020 ஜூனில் முதல் வகுப்புக்குப் போயிருக்க வேண்டியவன். கொரோனாவால் பள்ளி திறக்கவில்லை. தொலைக்காட்சியிலும் என் கைப்பேசியிலும் முதல் வகுப்பு கழிந்தது. 2021 நவம்பர் 1ஆம் தேதி தொடக்க வகுப்புகள் திறந்தபோது அவன் இரண்டாம் வகுப்புப் பிள்ளை. உயிரெழுத்தே முழுதாகத் தெரியாது. ஊரில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் இருந்தார்கள். 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று பாராமல், எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அங்கிருந்து கற்பிக்கும் திட்டம். நல்ல திட்டம் என்று மனமாரச் சொல்கிறேன். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளுக்குப் பெயர் வைத்தவர் பிள்ளைகளை நேசிப்பவராகத்தான் இருக்க வேண்டும். என் மகன் அரும்பு, அதாவது முதல் நிலை. அவனோடு வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அரும்பு. “கொரோனா இடைவெளிதான், ஆறு மாதத்தில் சரியாகிவிடும்” என்றார் ஆசிரியை. எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

மற்றவர்களுக்குச் சரியாயிற்று. பாட்டும் அட்டையும் விளையாட்டுமாக ஒவ்வொருவராக மொட்டுக்குப் போனார்கள். சிலர் மலருக்கே போனார்கள். ஆண்டு முடிவில் அரும்பில் மிஞ்சியவர்கள் நான்கு பேர். நான்காம் வகுப்பிலும் திட்டம் தொடர்ந்தது. அவனும் அரும்பிலேயே தொடர்ந்தான். மதிப்பீட்டுக்கு மேல் மதிப்பீடு நடந்தது. ஒவ்வொரு முறையும் அவன் பெயருக்கு நேரே அதே சொல். அதே ஆசிரியை, அதே பாடம், அதே அட்டைகள். கூட இருந்தவர்கள் எல்லாம் நகர்ந்த பிறகும் இந்த நான்கு பேர் மட்டும் ஏன் நகரவில்லை என்று அந்தப் பள்ளியில் யாரும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி யாரும் அவர்களுக்குச் சொல்லவும் இல்லை. கடைசியில் ஒரு பெயர் கிடைத்தது: மெல்லக் கற்பவர்.

இந்தச் சொல் மரியாதைக்காக வந்தது. ‘மக்கு’ என்று பிள்ளையைச் சொல்லக் கூடாது என்பதற்காக வந்தது. ஆனால் இன்று அது ஒரு மூட்டையாகிவிட்டது. கரும்பலகை தெரியாத பிள்ளை, ஒரு காது கேளாத பிள்ளை, பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய் மூன்று மாதம் பள்ளிக்கு வராத பிள்ளை, அறிவு வளர்ச்சியில் குறைபாடு உள்ள பிள்ளை, டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை என எல்லோரையும் உள்ளே போட்டுக் கட்டிவிடுகிறோம். எல்லோருக்கும் ஒரே வைத்தியம்: மாலையில் கூடுதல் வகுப்பு, பிழையானதைப் பத்துத் தடவை எழுது. என் மகன் ‘தண்ணீர்’ என்று பத்துத் தடவை எழுதிய பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் இரண்டு வரி சரி. மூன்றாவதில் ‘தண்ணிர்’. ஐந்தாவதில் ‘தன்னீர்’. எட்டாவதில் ‘தனிர்’. மேலே பார்த்து எழுதிக்கொண்டே வந்தவனுக்கு இது நேர்ந்திருக்கிறது.

என் தொழிலில் ஒன்று கற்றிருக்கிறேன். தெரியாமல் பிழை விடுகிறவரின் பிழைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ‘சிகப்பு’ என்று எழுதுகிறவர் எல்லா இடத்திலும் ‘சிகப்பு’ என்றே எழுதுவார். ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை நான்கு விதமாக எழுதுகிறவருக்குச் சொல் தெரியும். அந்தச் சொல்லின் ஓசையை எழுத்தாக்கும் இடத்தில்தான் ஏதோ வழுக்குகிறது. ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்தில் இது இருந்திருந்தால் உடனே கவனித்திருப்பேன்.

அவன் வாசித்த விதத்தையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் ஆசிரியர் யாராவது தம் வகுப்பில் ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளக்கூடும். சொல், ‘கொடி’. தமிழில் கொம்பு முன்னால் நிற்கும். அதன் ஓசையோ மெய்க்குப் பின்னால் வரும். கண்ணில் முதலில் பட்ட கொம்பை மனத்தில் நிறுத்திக்கொண்டு, ககரத்தை எடுத்து, அதற்கப்பால் கால் நிற்கிறதா என்றும் எட்டிப் பார்த்து, மூன்றையும் சேர்த்து ஒரே ஓசையாக உச்சரிக்க வேண்டும். கால் இல்லை என்றால் ‘கெ’. இருந்தால் ‘கொ’. கொம்பு இரட்டை என்றால் ‘கோ’. நமக்கு இது கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடுகிறது. அவன் ‘கெ’ என்றான். பிறகு காலைப் பார்த்து ‘ர’ என்றான். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் அடியில் உள்ள சிறு சாய்வுதான் வேறுபாடு. ‘கெ... ர... டி.’ அப்படி ஒரு சொல் கிடையாது என்று அவனுக்கே தெரிந்தது. என் முகத்தைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, “தேசியக் கொடி” என்றான்.

“படத்தைப் பார்க்காதே, எழுத்தைப் பார்” என்று அதட்டினேன். அதற்காக இன்று வரை வருந்துகிறேன்.

முதலில் கண்டுகொண்டவர் எங்கள் தெருவில் ‘இல்லம் தேடிக் கல்வி’ மையம் நடத்திய பெண். பட்டப்படிப்பு முடித்துவிட்டு, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஒரு நாள் வாசலில் நின்று சொன்னார்: “அண்ணே, கேள்வியை நான் வாசித்துக் காட்டினால் எல்லாருக்கும் முந்தி பதில் சொல்லிவிடுகிறான். தாளைக் கையில் கொடுத்தால் வாயே திறப்பதில்லை. எனக்கு இது சோம்பலாகத் தெரியவில்லை. யாரிடமாவது காட்டுங்கள்.”

பின்னாளில் இதைப் பற்றித் தேடிப் படித்தபோது சிலிர்த்துப் போனேன். 1896ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். பிறவியிலேயே வாசிப்பில் இப்படித் தடுமாறும் பிள்ளையைப் பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளில் அது ஒன்று. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் மிகக் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக மார்கன் குறித்திருக்கிறார். எங்கள் தெருப் பெண்ணும் அந்த ஆசிரியரும் சொன்னது ஒன்றேதான். இடையில் கழிந்தது நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல்.

“யாரிடமாவது காட்டுங்கள்” என்றார். யாரிடம்? இதுதான் இந்த மடலின் நடுக்கேள்வி. பள்ளியில் கேட்டோம், தெரியவில்லை. கண் மருத்துவரிடம் போனோம், பார்வை சரியாக இருந்தது. காதுப் பரிசோதனை செய்தோம், கேட்கும் திறன் சரியாக இருந்தது. (இந்த இரண்டையும் முதலில் பார்த்ததில் தவறில்லை, முதலில் அவற்றைத்தான் பார்க்க வேண்டும் என்று பிறகு தெரிந்தது.) பொது மருத்துவர் ஒருவர், ஆண் பிள்ளைகள் கொஞ்சம் தாமதமாகத்தான் படிப்பார்கள், வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார். உறவினர்கள் வல்லாரைக் கீரை சொன்னார்கள். வாரம் இரண்டு முறை வல்லாரைத் துவையல் அரைத்தாள் என் மனைவி. அவனும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டான். ஓர் அரசு மருத்துவமனையில் விசாரித்தபோது அதைப் பார்க்கும் உளவியலாளர் பணியிடத்தில் அப்போது ஆள் இல்லை. கடைசியில் பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் மையம், 4,000 ரூபாய். என் சம்பளத்தில் அது பத்து நாள் உழைப்பு.

அந்த மையத்தில் அவன் முன் வைத்தது ஆங்கிலப் பத்தி. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை. வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், பாடப் புத்தகம் தமிழ். ஆங்கிலத்தில் எழுத்துகளை மட்டும் அறிந்தவனிடம் ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்லி, ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி, ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை தந்தார்கள். வகுப்பு நிலைக்கு மிகவும் கீழே என்றிருந்தது. கற்பிக்கப்படாததால் வராததையும், கற்பித்தும் வராததையும் அந்த அறிக்கையை வைத்துப் பிரித்துச் சொல்லவே முடியாது.

இரண்டாவதாகப் போன இடத்தில் இருந்த இளம் உளவியலாளர் அந்த அறிக்கையை ஓரமாக வைத்தார். முதல் ஒரு மணி நேரம் என் மனைவியிடம்தான் பேசினார்: பிரசவம் எப்படி, எப்போது நடந்தான், எப்போது பேசினான், பாட்டை மனப்பாடம் செய்வானா, செருப்பை வலம் இடம் மாற்றிப் போடுவானா, வீட்டில் வேறு யாருக்காவது படிப்பு ஏறவில்லையா. பிறகு அவனை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டார். சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளை வைத்து அட்டையில் உள்ள கோலத்தை அமைக்கச் சொன்னார். எண்களைச் சொல்லி அவற்றைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ‘பட்டம்’ என்பதில் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று வாயாலேயே கேட்டார். பொருளே இல்லாத சொற்களை வாசிக்கச் சொன்னார். பழகிய சொல் என்றால் பிள்ளை ஊகித்துவிடும், பொருளில்லாத சொல்லில் ஊகம் உதவாது. கடைசியாக, அரசின் தமிழ்ப் பாடநூல்களையே ஒன்றாம் வகுப்பிலிருந்து வரிசையாக எடுத்து வைத்து வாசிக்கச் சொன்னார். எந்த நூலில் அவன் நிற்கிறான் என்று பார்த்தார்.

கட்டை விளையாட்டில் குறித்த நேரத்துக்கு முன்பே முடித்திருக்கிறான். வெளியே வரும்போது சிரித்துக்கொண்டே வந்தான். ஒரு சோதனையில் ஜெயித்துவிட்டு அவன் வெளியே வந்ததை அன்றுதான் பார்த்தோம்.

அறிவுத்திறன் வயதுக்கு மேலேயே இருக்கிறது, வாசிப்பு ஒன்றாம் வகுப்பு அளவில் நிற்கிறது, இது டிஸ்லெக்சியா என்றார். நோயில்லை, மருந்தில்லை, கண்ணிலும் கோளாறில்லை, சோம்பலும் இல்லை, சொல்லை ஓசைகளாகப் பிரித்து எழுத்தோடு பொருத்தும் வேலையை அவன் மூளை வேறு விதமாகச் செய்கிறது. அதற்கேற்ற முறையில் சொல்லிக்கொடுத்தால் வாசிப்பான், கொஞ்சம் மெதுவாக. இது குடும்பங்களில் தொடர்ந்து வருவது உண்டு என்றும் சொன்னார்.

என் அண்ணன் நினைவுக்கு வந்தார். ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். எங்கள் அப்பா புளிய விளாறால் அவரை அடித்ததை நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இன்று இதே அச்சகத்தில் ஆஃப்செட் இயந்திரம் ஓட்டுகிறார். ஓசையைக் கேட்டே எந்த உருளையில் சிக்கல் என்று சொல்லிவிடுவார். அன்றிரவு அறிக்கையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எனக்கும் இந்தச் சோதனையை வைத்திருந்தால் அப்பா அடித்திருக்க மாட்டார், இல்லையா?” என்று கேட்டார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

துறையினரே, சட்டத்தில் எதுவும் குறையவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தோரு வகைக் குறைபாடுகளில் ஒன்றாக, டிஸ்லெக்சியாவும் அடங்கிய ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்பதைச் சேர்த்திருக்கிறது. அந்தக் குறைபாட்டைப் பிள்ளைகளிடம் கூடிய விரைவில் கண்டறிந்து, அதற்கேற்ற கற்பித்தல் முறையைக் கைக்கொள்ள வேண்டும் என்று கல்வி நிறுவனங்களுக்கு வெளிப்படையாகவே கடமை விதிக்கிறது. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில், எது முந்தியோ அப்போது, ஆசிரியர்களே முதல்நிலைச் சோதனையைச் செய்ய வேண்டும் என்றது. ஒவ்வொரு பள்ளியிலும் தலைமை ஆசிரியர் தலைமையில் அதற்கு ஒரு குழு இருக்க வேண்டும் என்றது. என் மகனின் மூன்றாம் வகுப்பில் அப்படி ஒரு குழு கூடியதாக நான் கேள்விப்படவில்லை.

தமிழ்நாட்டில் கருவிகளும் இருக்கின்றன. எண்ணும் எழுத்தும் மதிப்பீடு இருக்கிறது. குறைபாடுள்ள பிள்ளைகளை ஆசிரியரே கண்டறிய ‘நலம் நாடி’ செயலி இருக்கிறது. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருக்கிறார். தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கே வருகிறது. 2013இல் தொடங்கியபோது அந்தத் திட்டம் கவனிக்க வேண்டும் என்று வகுத்த முப்பது நிலைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அந்தக் குழு என் மகனின் பல்லைப் பார்த்தது, கண்ணைப் பார்த்தது, ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்தது. அதே அறையில், பத்தடி தூரத்தில், ஆசிரியையின் மேசையில் அவன் மூன்றாம் பருவமாக அரும்பில் இருப்பதைச் சொல்லும் பதிவு இருந்தது. அந்தப் பதிவு அந்த மருத்துவரின் கைக்குப் போகவில்லை. இரண்டும் வெவ்வேறு துறை, வெவ்வேறு படிவம்.

ஆகவே புதிதாக ஒரு திட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இருக்கும் பதிவுகளை ஒன்றோடொன்று பேச வையுங்கள் என்கிறேன். தொடர்ந்து இரண்டு பருவம் அரும்பில் நிற்கும் பிள்ளையின் பெயர் தானாகவே ‘நலம் நாடி’க்குப் போகட்டும்; அங்கிருந்து சிறப்புப் பயிற்றுநருக்குப் போகட்டும். மருத்துவக் குழு வரும் நாளில் கண், காது சோதிக்க வேண்டிய பெயர்ப் பட்டியலில் அது முதலில் இருக்கட்டும். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பின்தங்கிய பிள்ளைகளுக்கு இப்போது ‘திறன்’ பயிற்சி நடக்கிறதே, அதில் சேர்க்கப்படும் பிள்ளைகளுக்கும் இதே ஏற்பாடு வேண்டும். அவர்கள் ஏற்கெனவே ஐந்து ஆண்டுகளை இழந்தவர்கள். ஆசிரியர்களுக்கு இன்னொரு பதிவேடு தரச் சொல்லவில்லை. எமிஸ் என்னும் துறையின் இணையத் தகவல் பதிவுகளிலேயே அவர்களின் பாதி நாள் போவதை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் ஏற்கெனவே பதிந்ததை நீங்கள் வாசித்தால் போதும்.

சோதனை தமிழில் நடக்க வேண்டும். தமிழ்வழிப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் மட்டும் நடக்கும் மதிப்பீட்டை ஏற்கக் கூடாது. நம் எழுத்தின் சிக்கல்கள் வேறு: முன்னால் நிற்கும் கொம்பு, ஒற்று இரட்டிக்கும் இடம், இரண்டு சுழியும் மூன்று சுழியும், ல ள ழ, ஒரே ககரம் ‘கல்’ என்பதில் ஒரு மாதிரியும் ‘தங்கம்’ என்பதில் ஒரு மாதிரியும் ‘அகம்’ என்பதில் இன்னொரு மாதிரியும் ஒலிப்பது. இவற்றில் எங்கே பிள்ளை தடுக்கி விழுகிறது என்று ஆங்கிலத் தாள் காட்டாது. எங்கே விழுகிறது என்று தெரிந்தால்தானே அங்கே கை கொடுக்க முடியும்?

அடுத்தது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. சான்றிதழ் வரும் வரை காத்திருக்காதீர்கள். அந்த 2018 வழிகாட்டுதல் எட்டு வயது முதல்தான் சான்றிதழ் என்றது. அதுவும் மருத்துவக் குழு கூடித் தருவது, 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதித்துப் புதுப்பிக்க வேண்டியது. சலுகைகளுக்கு அது தேவை, இருக்கட்டும். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஓசையைப் பிரித்துக் காட்ட எந்தச் சான்றிதழும் வேண்டியதில்லை. டிஸ்லெக்சியா இல்லை என்று பிறகு தெரியவந்தாலும் அந்தப் பயிற்சியால் எந்தப் பிள்ளைக்கும் கெடுதல் இல்லை.

என்ன பயிற்சி என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். உளவியலாளர் சொல்லித்தந்தபடி, தினமும் அரை மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை. தட்டில் மணலைப் பரப்பி, எழுத்தை விரலால் எழுதிக்கொண்டே ஓசையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கண், காது, வாய், விரல் நான்கும் ஒன்றாக வேலை செய்யும். 1930களில் அமெரிக்காவில் ஆர்ட்டனும் கில்லிங்காமும் வகுத்த முறையின் வழி வந்தது இது. என் அம்மா பார்த்துவிட்டு, “எங்கள் தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இப்படித்தானே படித்தாராம்” என்றார். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு தட்டு என்று கை தட்டிச் சொல்கிறான். ‘தண்ணீர்’ இப்போது நீள்கிறது. அச்சகத்தில் வெட்டி மிஞ்சும் அட்டைகளில் நான் பெரிய எழுத்துகள் அச்சிட்டுக் கொடுத்தேன்: கொம்பும் காலும் சிவப்பு, நடுவில் மெய் கறுப்பு, மூன்றும் ஒரே அட்டையில், பிரிக்க முடியாதபடி. ‘கெ-ர’ என்று அவன் வாசிப்பது அந்த அட்டைகளால்தான் நின்றது. எட்டு மாதத்தில் ஒன்றாம் வகுப்பு நூலிலிருந்து மூன்றாம் வகுப்பு நூலுக்கு வந்திருக்கிறான். ஆறாம் வகுப்புப் பாடத்துக்கு இன்னும் தூரம் இருக்கிறது. அறிவியலை என் மனைவி வாசிக்கிறாள், அவன் கேட்டுப் புரிந்துகொள்கிறான்.

பள்ளி செய்யக்கூடியவற்றில் பலவற்றுக்குப் பணமே வேண்டாம். வகுப்பின் முன் நிறுத்தி உரக்க வாசிக்கச் சொல்லாதிருத்தல். தேர்வில் கேள்வியை ஒரு முறை வாசித்துக் காட்டுதல். அறிவியலிலும் சமூக அறிவியலிலும் எழுத்துப் பிழைக்காக மதிப்பெண் குறைக்காதிருத்தல். கரும்பலகையில் உள்ளதை எழுதி முடிக்கும் முன் அழித்துவிடாதிருத்தல். அவனுடைய இப்போதைய வகுப்பாசிரியர் இந்த நான்கையும் செய்கிறார். காலையில் வயிற்று வலி என்று படுத்துக்கொள்வது நின்றுவிட்டது.

ஆனால் முறையாகப் பயின்ற ஒருவரின் கையும் வேண்டும். எங்கள் ஒன்றியத்தின் சிறப்புப் பயிற்றுநர் நல்ல மனிதர். பல பள்ளிகளுக்குச் சுற்றிச் சுற்றிப் போகிறார். அவரைப் பார்ப்பதே அரிது. தனியாரிடம் ஒரு மணி நேரத்துக்கு 500 ரூபாய் கேட்கிறார்கள். மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990களின் தொடக்கத்திலிருந்து பிள்ளைகளுக்குக் கற்பித்தும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தும் வருகிறது, அது சென்னையில். மத்திய அரசின் பல்வகைக் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில். எங்களுக்கு இரண்டும் ஓர் இரவுப் பயணம். அங்கே இருக்கும் பயிற்சியை மாவட்டங்களுக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றியத்துக்கு ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியராவது டிஸ்லெக்சியாவில் முழுப் பயிற்சி பெற்றவராக இருந்தால், மற்ற ஆசிரியர்கள் கைப்பேசியில் கூப்பிட்டுக் கேட்க ஓர் ஆள் இருக்கும்.

தேர்வுச் சலுகைகள் பற்றியும் ஒன்று. எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சி என்பதை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். அது இல்லாவிட்டால் இவன் எப்போதோ நின்றிருப்பான். ஆனால் வாசிக்கத் தெரியாமலே ஒன்பதாம் வகுப்பு வரை வந்து சேரும் பிள்ளை அங்கே சுவரில் மோதுகிறது. என் அண்ணன் நின்ற அதே வகுப்பு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இப்பிள்ளைகளுக்குக் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், மொழிப்பாட விலக்கு ஆகியவை உண்டு என்பது எனக்குத் தெரிந்த பெற்றோரில் பலருக்குத் தெரியாது. தெரியும்போது விண்ணப்பிக்கும் காலம் கடந்திருக்கும். ஒன்பதாம் வகுப்பின் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே இதைச் சொல்லச் சொல்லுங்கள்.

விலக்கைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. பத்தாம் வகுப்பில் மூழ்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது உயிர் காக்கும் கயிறு, மறுக்கவில்லை. ஆனால் முதல் வகுப்பில் சரியாகக் கற்பித்திருந்தால் எத்தனை பேருக்கு அந்தக் கயிறு தேவைப்படாது? என் மகன் எழுத்தில் வாழும் வீட்டில் பிறந்தவன். அவனுக்குத் தமிழிலிருந்து விலக்கு வாங்கித் தர என்னால் முடியும், சட்டமும் இடம் தருகிறது. அவன் தமிழை வாசிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. பிழையோடு எழுதட்டும், மெதுவாக வாசிக்கட்டும். திருத்த நான் இருக்கிறேன்.

அவனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். இரண்டாம் வகுப்பு. பேச்சில் வாயாடி, கதை சொன்னால் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வாள். இரண்டு பருவமாக அரும்பில் இருக்கிறாள். போன வாரம் அவள் ஆசிரியையிடம் போய், அண்ணனின் அறிக்கையைக் காட்டி, குடும்பத்தில் இருக்கிறது என்று சொல்லி, ‘நலம் நாடி’யில் இவளைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் உடனே கைப்பேசியை எடுத்தார். பிள்ளைகள் மதிய உணவுக்குப் போயிருந்தார்கள். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து அவள் பெயரைத் தேடி எடுத்து, கேட்டதற்கெல்லாம் பதில் பதிந்தோம். “போய்ச் சேர்ந்துவிட்டது, இனி மேலிடத்திலிருந்து கூப்பிடுவார்கள்” என்றார் ஆசிரியை.

அந்த மேலிடம் நீங்கள்தான். அழைப்புக்காகக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
இரண்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் தந்தை